கழுத்தை மறந்த தொப்பி

வெயில் உச்சந்தலை வழியாக மூளைக்குள் இறங்கி ஆளைச் சாய்க்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். படித்தவர், படிக்காதவர் என்ற வேற்றுமை இதில் இல்லை. வயலிலோ பேருந்து நிலையத்திலோ ஒருவர் மயங்கி விழுந்தால், "உச்சி வெயில் மண்டையில இறங்கிருச்சு" என்றுதான் முதல் பேச்சு வரும். நம் ஊர் வெயில் தொப்பிகள் எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்து பிறக்கின்றன. பங்குனி முடிவதற்குள் முன்மடல் மட்டும் நீட்டிய கேப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. கட்சிக்காரர்கள் கொடுக்கிறார்கள், தொண்டு அமைப்புகள் கொடுக்கின்றன, கடைக்காரர்கள் தங்கள் பெயரை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். சாலைச் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்குத் தெர்மாகோல் வைத்த சோலா தொப்பி வருகிறது. சில ஊர்களில் பேட்டரியில் ஓடும் ஏசி ஹெல்மெட் வரைக்கும் போய்விட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான் கிடக்கிறது: மண்டையைக் கெட்டியாக மூடினால் ஆள் பிழைப்பார்.

அந்தக் கணக்கு தப்பு. புதுக்கோட்டை மாதிரி காய்ந்த மாவட்டத்தில், நாள் முழுக்க வெளியில் நிற்கிறவர்களுக்கு அது ஆபத்தான தப்பும்கூட. மண்டையில் ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில் ஒருவர் இன்னும் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்பார். அந்த ஒரு மணி நேரத்தில் அவரைக் காப்பாற்றக்கூடிய எதையும் அந்தத் தொப்பி செய்வதில்லை.

இந்த எண்ணம் நம் பாட்டன் பூட்டன் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. இதை ஒரு மருத்துவக் கோட்பாடாகவே ஆக்கியவர்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் படை மருத்துவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் கனத்த சீருடையும் கழுத்தைப் பிடிக்கும் காலரும் முதுகில் பொதியுமாக வெயிலில் அணிவகுத்து நடந்தார்கள், கொத்தாக விழுந்தார்கள். உடையையும் நடத்திய நேரத்தையும் குறை சொல்வதற்குப் பதிலாக, வெப்பநாட்டு வெயிலில் தனியாக ஒரு கேடு இருக்கிறது என்றும், அது மண்டையோட்டைத் துளைத்து மூளையையும் தண்டுவடத்தையும் கெடுக்கிறது என்றும் பலர் சொன்னார்கள். சார்லஸ் வுட்ரஃப் என்ற அமெரிக்கப் படை மருத்துவர் 1905-இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். வெள்ளைக்காரரின் உடம்பு இந்த ஒளியைத் தாங்காது என்பது அவர் வாதம். தலைக்குச் சோலா தொப்பியோடு, முதுகுத்தண்டைக் காக்கப் பஞ்சு வைத்துத் தைத்த பட்டையையும் சட்டைக்குள் கட்டிக்கொண்டு புழுங்கியவர்கள் உண்டு. துரை வீட்டுக் குழந்தை வாசலைத் தாண்டினாலே தலையில் தொப்பி ஏறிவிட வேண்டும்.

அமெரிக்கப் படை இதைச் சோதித்தும் பார்த்தது. பிலிப்பைன்ஸில் இருந்த சிப்பாய்களில் சில நூறு பேருக்குச் செம்மஞ்சள் நிறத்தில் உள்ளாடை கொடுத்தார்கள். அந்த நிறம் கேடான கதிரைத் தடுத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. 1910-இல் வெளியான முடிவு அந்த எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது: நன்மை ஒன்றுமில்லை, அந்த உடையால் உடம்புக்குக் கூடுதல் சூடுதான். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பர்மாப் போர்முனையில் பிரிட்டிஷ் 14-ஆவது படையின் சிப்பாய்கள் கெட்டித் தொப்பியை விட்டுவிட்டு, வளைகிற மென்தொப்பியோடு காட்டில் நடந்தார்கள். மண்டைக்குள் கதிர் இறங்கி அவர்கள் மடியவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லி வந்த மருத்துவம் அங்கே சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. கைவிட்டவர்கள் போய்விட்டார்கள், கைவிடப்பட்ட கருத்து மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இனி கணக்கைப் பார்ப்போம். புதுக்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.4 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களில், ஏப்ரல் 17 வாக்கில், நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறை அப்படி நிற்கும். அந்த வேளையில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் அளவு ஏறத்தாழ 1,000 வாட். மேலிருந்து பார்த்தால் மனிதத் தலை முன்பின்னாக 19 செ.மீ., பக்கவாட்டில் 15 செ.மீ. இருக்கும். பரப்பைக் கணக்கிட்டால் 0.022 சதுர மீட்டர் வரும். அப்படியானால் உச்சந்தலையில் நேராக விழுவது சுமார் 22 வாட். அதிலும் முடி பெரும்பகுதியைத் தானே வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? மண்வெட்டி பிடிக்கிறவருடைய, முள்காட்டில் வேகமாக நடக்கிறவருடைய உடம்பு தனக்குள்ளேயே 400 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அதோடு தோளில் விழும் வெயில், காய்ந்த செம்மண்ணிலிருந்து மேலே வரும் அனல், 38 பாகைக் காற்று. தோலின் வெப்பம் 35 பாகை. காற்று அதைத் தாண்டிவிட்டால் காற்றும் உடம்பைச் சூடாக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு உடம்புக்கு இருக்கிற ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை எதையும் கொண்டுபோகாது. இந்த வழி அடைபட்டு உடம்பின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, பேச்சுக் குழறி, நினைவு தப்பும்போது அதை ஹீட் ஸ்ட்ரோக் என்கிறார்கள். முழு உடம்பின் வரவு செலவு முறிந்து வருகிற நோய் அது. மண்டையோட்டில் ஓட்டை விழுந்து வருவதில்லை. ராத்திரியிலும், கூரைக்கு அடியிலும், செங்கல் சூளையிலும், கொதிகலன் பக்கத்திலும் அது வருகிறதே, அங்கே உச்சி வெயில் எங்கிருந்து வந்தது?

அப்படியானால் தொப்பியே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் வேறு காரணங்களுக்காக வேண்டும். அந்தக் காரணங்கள் தெரிந்தால் வேறு தொப்பியைத் தேர்ந்தெடுப்போம்.

மேலே சொன்ன தலையைச் சுற்றி 7.5 செ.மீ. விளிம்பு வைப்போம். தொப்பியின் நிழல் 0.08 சதுர மீட்டராகிவிடும். நடுப்பகலில் 80 வாட் வெயிலை அது உடம்பின் மேல் விழாமல் பிடிக்கிறது. வெறும் தலையில் விழுவதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த நிழல் விழுகிற இடங்கள் நெற்றி, கண், காது, பிடரி, தோளின் மேற்பகுதி. முன்மடல் கேப் பிடிப்பது 30 வாட்டைச் சற்றே தாண்டும். வித்தியாசம் முழுவதும் விளிம்பில்தான் இருக்கிறது. கெட்டித்தனத்துக்கு அதில் பங்கே இல்லை. ஆஸ்திரேலியாவின் புற்றுநோய்க் கவுன்சில் பெரியவர்களுக்குச் சொல்கிற அகலத் தொப்பியின் விளிம்பும் குறைந்தது 7.5 செ.மீ.தான். முன்மடல் கேப்பை அவர்கள் வெயில் தொப்பியாகவே ஒத்துக்கொள்வதில்லை. காதும் கழுத்தும் திறந்து கிடக்கின்றன என்பதே காரணம்.

கண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரும். கண்புரை சீக்கிரம் வருவதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் நிற்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: காய்ந்த கடற்கரை மணல் தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் 15 விழுக்காடு வரை மேலே திருப்பி அடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலிருந்து வருவதை விளிம்பு பிடிக்கும். கீழிருந்து வருவதைப் பிடிக்காது. அதனால் அகல விளிம்பின் அடிப்பக்கம் கருத்த துணியாக இருந்தால் கண் கூசுவது குறையும். இலவசக் கேப் தைக்கிறவர்கள் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

இங்கே சோலா தொப்பிக்கும் ஒரு நியாயம் செய்தாக வேண்டும். அதை முழுமூடத்தனம் என்று ஒதுக்கினால் நானும் தப்புக் கணக்கு போட்டவன் ஆவேன். நம் குளங்களிலும் கண்மாய்களிலும் தண்ணீர் நிற்கும் பள்ளங்களிலும் வளரும் நெட்டிச் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெண்சோற்றை வைத்துத்தான் அசல் சோலா தொப்பி செய்தார்கள். அதே நெட்டியில் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில் கோபுரமும் தெய்வ உருவமும் செதுக்குகிறார்கள். தஞ்சை நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எடையே தெரியாத பொருள் அது. நல்ல சோலா தொப்பிக்குள் தலைப்பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், உச்சியில் காற்றுத் துளை வைத்திருப்பார்கள், பிடரி வரை விளிம்பை இறக்கியிருப்பார்கள். காற்றோட்டமும் விளிம்பும், இவை இரண்டும்தான் அதன் நன்மை.

காந்தியும் இதைக் கண்டார். 1929-இல் 'யங் இந்தியா'வில் எழுதியபோது, தன் தேச உணர்ச்சி ஐரோப்பியத் தொப்பியை ஏற்க மறுத்தாலும், சோலா தொப்பி ஐரோப்பா தந்த சில நல்ல கொடைகளில் ஒன்று என்ற கருத்தை ஒளிக்காமல் சொன்னார். அந்நியத் துணியை எரிக்கச் சொன்னவர் அந்நியத் தொப்பிக்கு வாதாடினார். நம் தலைப்பாகையில் இல்லாத ஒரு வசதி அதில் இருந்ததை அவர் மறுக்கவில்லை. அவருடைய நேர்மையை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தொப்பியிலிருந்து நாம் எதைக் கற்றுக்கொண்டோம்? விளிம்பை வெட்டி எறிந்தோம், காற்றோட்டத்தை அடைத்தோம், கெட்டியான மண்டையை மட்டும் வைத்துக்கொண்டோம். நெட்டியின் இடத்தில் தெர்மாகோல் வந்தது. பருத்தி இருந்த இடத்தில் பாலியஸ்டர் வந்தது. நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுப்பட்டை வந்தது. நன்மையைத் தள்ளிவிட்டு மூடநம்பிக்கையைப் பத்திரமாக எடுத்து வந்த கதை இது.

சோலா தொப்பிக்கு இன்னொரு மவுசும் உண்டு. வேட்டைக்கு அதுதான் அழகு, அதுதான் வசதி என்ற நினைப்பு படங்களிலிருந்து வருகிறது. புலியின் மேல் காலை வைத்து, துப்பாக்கியை ஊன்றி, தலையில் அந்தத் தொப்பியோடு நிற்கிற ஜமீன்தார், துரை படங்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் காட்டின் ஒரு பகுதியை ராஜாவின் வேட்டைக்கென்று காத்து வைத்திருந்தார்கள். இந்த ஊர்க் காட்டைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்டது என்று தெரியும்: இடுப்பளவு, ஆளளவு உயரத்தில் காரை, சூரை, இண்டு, கிளுவை, நடுநடுவே பாறை, இப்போது சீமைக்கருவேலும் தைல மரமும். நிமிர்ந்து நடக்க முடியாத காடு. குனிந்து நுழைந்தால் கெட்டித் தொப்பியின் ஓரம் முள்ளில் மாட்டும், கொப்பில் இடித்துச் சத்தம் போடும். தலைக்கு மேலே நடப்பதைப் பார்க்க விடாது. மழையில் நனைந்தால் நெட்டி ஊறிக் குலையும். அப்படியிருக்க அதைப் போட்டுக்கொண்டு வேட்டையாடியவர் எப்படிச் சமாளித்தார்?

அவர் காட்டுக்குள் நுழையவே இல்லை என்பதுதான் பதில். பெரிய வேட்டை என்பது விரட்டு வேட்டை. துப்பாக்கிக்காரர் பரணிலோ மர நிழலிலோ இடம்பிடித்து உட்கார்ந்திருப்பார். பறையடித்து, கூச்சல் போட்டு, மிருகத்தை அவர் பக்கம் கலைத்துவிட ஊர் ஆட்கள் வரிசையாகக் காட்டுக்குள் இறங்குவார்கள். வெயிலும் முள்ளும் அவர்களுக்கு. அவர்கள் தலையில் இருந்தது துண்டு. வெயில் தொப்பியின் மகிமையை எழுதி வைத்தவர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள். வெயிலில் நடந்தவர்கள் எதையும் எழுதவில்லை. எந்தத் தலைக்கட்டு வெப்பத்தைத் தாங்குகிறது என்று கேட்க வேண்டுமானால் விரட்டப் போனவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் கோபம் தருகிற விஷயம்.

ஊர்க்காரன் தனக்கென்று வேட்டைக்குப் போனபோது உச்சி வெயிலில் போனதே கிடையாது. முயல் ராத்திரியில் மேயும், விடியலில் பதுங்கும். கவுதாரி காலையிலும் சாயங்காலத்திலும் கத்தும். மிருகத்தின் நேரம்தான் வேட்டைக்காரனின் நேரம். சிவராத்திரியை ஒட்டிப் பாரி வேட்டை என்ற பெயரில் தென்மாவட்டங்களில் நடந்து வந்த வழக்கமும் அப்படித்தான். அதை இன்று யாரும் தொடரக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைக் குற்றமாக்கியது சரியான காரியம். முள்காட்டில் மிச்சமிருப்பதே கொஞ்சம். ஆனால் நேரத்தைப் பற்றி அந்த வழக்கத்தில் இருந்த அறிவை வேட்டையோடு சேர்த்துப் புதைக்க வேண்டியதில்லை. காலை 9 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 40 பாகை அளவில் சாய்ந்திருக்கும். சாயங்காலம் மூன்றரையிலும் அப்படியே. அந்த வெயில் உச்சந்தலைக்கு வருவதற்கு முன் காதுக்கும் கன்னத்துக்கும் பிடரிக்கும் வருகிறது. வேட்டைக்காரன் நடமாடும் வேளையில் தலையின் உச்சியைவிடப் பக்கங்களுக்குத்தான் காவல் தேவை. உச்சியை மட்டும் காக்கிற தொப்பி அவன் வெளியே இல்லாத நேரத்துக்காகச் செய்த தொப்பி.

மீன் வேட்டைக்குத் தடையில்லை. பொன்னமராவதி, திருமயம், இலுப்பூர்ப் பக்கம் அறுவடை முடிந்து கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. விடியும் முன்பே ஊத்தாவும் கச்சாவும் வலையும் கூடையுமாகச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக இறங்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்து, கெளுத்தியும் விராலும் கட்லாவும் வீட்டுக்குப் போய்விடும். இறங்கியவர்கள் தலையைப் பாருங்கள். முக்கால்வாசி துண்டு. அதைச் சேற்றுத் தண்ணீரில் முக்கி மறுபடியும் கட்டிக்கொள்வார்கள். கேப் போட்ட இளைஞர்கள் பாதியிலேயே அதைப் பின்பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். தண்ணீருக்குள் குனிந்து குனிந்து நிமிர்கிறவருக்குச் சுடுவது பிடரிதான் என்பதை உடம்பே சொல்லிக் கொடுக்கிறது.

இதைச் சொன்னதும், "அப்படியானால் துண்டே போதும், நம் முன்னோர்கள் முட்டாள்களா?" என்று கேட்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. துண்டுக்கு விளிம்பு கிடையாது. கண்ணுக்கும் மூக்குக்கும் கன்னத்துக்கும் அது நிழல் தராது. நம் ஊர்க் கிழவர்களின் கண்ணில் வளர்ந்திருக்கிற சதையே அதற்குச் சாட்சி. நனைந்த மெல்லிய பருத்தி, காய்ந்த பருத்தியைவிடக் கூடுதலாகப் புற ஊதாக் கதிரை உள்ளே விடும். எல்லாத் துண்டும் ஒன்றல்ல என்பது இன்னொன்று. காற்று நுழையும் ஈரிழைத் துண்டைத் தளர்வாகச் சுற்றினால் ஒன்று. கனத்த டர்க்கி டவலை இறுக்கி முண்டாசு கட்டினால் வேறு. இரண்டாவது, தலையைப் போர்த்திப் புழுங்க வைக்கும். பாட்டன் கட்டினார் என்பதற்காக எதுவும் சரியாகிவிடாது. பாட்டனுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஈரத் துண்டைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. தலையும் கழுத்தும் குளிர்ந்தால் உடம்பு முழுவதும் குளிர்ந்த மாதிரி நமக்குத் தோன்றும். உள்வெப்பம் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. கழுத்தில் குளிர்பட்டை கட்டி ஓடவிட்டுச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது: சுகமாக உணர்கிறார்கள், கூடுதல் தூரம் ஓடுகிறார்கள், உள்வெப்பம் மட்டும் ஏறியபடியே இருக்கிறது. நம் உடம்பு தருகிற "போதும், உட்கார்" என்ற எச்சரிக்கையை ஈரத் துண்டு தள்ளிப்போட்டுவிடும். ஆகவே துண்டை நனையுங்கள், ஆனால் அதை நம்பி வேலையை நீட்டாதீர்கள். தலைக்குக் குளிர்காற்று ஊதுகிற ஹெல்மெட்டுக்கும் இதே பேச்சுதான். உடம்பு வெந்துகொண்டிருக்க முகத்தை மட்டும் குளிர வைப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. வெள்ளைதான் வெயிலுக்கு, கறுப்பு கூடவே கூடாது என்பார்கள். 1980-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. பாலைவனத்தில் வாழும் பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. தளர்வான கறுப்பு அங்கியும் வெள்ளை அங்கியும் போட்டு வெயிலில் நின்று அளந்தபோது, உடம்புக்குள் போன வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. கறுப்புத் துணி கூடுதலாக வாங்கிய சூட்டை, துணிக்கும் தோலுக்கும் நடுவே ஓடிய காற்று வெளியே கொண்டுபோய்விட்டது. நிறத்தைவிட இடைவெளி பெரியது. கேரள வயல்களில் தலையில் வைத்த ஓலைத் தொப்பிக்குடையும், வியட்நாம் விவசாயியின் கூம்புத் தொப்பியும் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன. இரண்டும் தலையைத் தொடுவது ஒரு வளையத்தில் மட்டும். மற்ற இடமெல்லாம் காற்று.

அப்படியானால் எதைப் போடுவது? எனக்குத் தெளிவான பதில் இருக்கிறது. திறந்த வெளியில், வயலில், கண்மாயில், கரையோரத்தில் நிற்பவருக்குப் பனை ஓலைத் தொப்பியை மிஞ்சியது எதுவும் இல்லை. பனைக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. ஓலைப் பின்னலுக்குள் காற்று ஓடும், விளிம்பை வேண்டிய அகலத்துக்கு இழுக்கலாம், நனைந்தாலும் காய்ந்துவிடும். முள்காட்டுக்குள் போகிற வனக் காவலருக்கும், வேட்டைத் தடுப்புக் காவலருக்கும், விராலிமலைப் பக்கம் மயில் பார்க்கப் போகிறவருக்கும் ஓலை உதவாது, கிழியும், சலசலக்கும். அவர்களுக்குப் பருத்தித் துணியில் தைத்த, சுற்றிலும் 7.5 செ.மீ. விளிம்புள்ள மென்தொப்பி. குனிந்தால் மடங்க வேண்டும், சட்டைப்பைக்குள் சுருட்டி வைக்க முடிய வேண்டும், காற்றில் பறக்காமல் இருக்கத் தாடைக்குக் கயிறு வேண்டும், பக்கங்களில் காற்றுத் துளை வேண்டும். இரண்டிலும் தொப்பிக்கு அடியில் ஓர் ஈரிழைத் துண்டு, பிடரியை மறைத்துத் தோளில் விழும்படி.

நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரையில் மண் சுமக்கும் பெண்களைப் பார்த்தால் இதில் பாதியை அவர்களே கண்டுபிடித்திருப்பது தெரியும். சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை, தலையிலிருந்து தோளுக்கு இறங்கும் துண்டு. கை, கழுத்து, காது மூன்றும் மூடியிருக்கும். இதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள்தான் அவர்களுக்குக் கேப் கொடுக்க வருகிறார்கள். துண்டை எடுத்துவிட்டுக் கேப்பைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேப்போடு வீட்டுக்குத் திரும்புகிற அந்த அம்மாவின் கழுத்து, முந்தைய நாளைவிடக் கூடுதலாக வெந்திருக்கும்.

வெளிநாட்டில் போடுகிற அகல ரோமத் தொப்பியை வாங்கினால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் அகூப்ரா தொப்பி முயல் ரோமத்தை அழுத்திச் செய்தது. அங்குள்ள வறண்ட உள்நாட்டுக்கு அது அருமையான தொப்பி. நம் காற்றில் கடல் ஈரம் இருக்கிறது. மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி வரை கேட்டுப் பாருங்கள், வியர்வை காயாமல் வழிகிற வேதனையைச் சொல்வார்கள். காற்று நுழையாத ரோமக் கூட்டை அங்கே தலையில் கவிழ்ப்பது வியர்வைக்கு மூடி போடுவதுதான். அதன் விளிம்பை எடுத்துக்கொள்வோம், ரோமத்தை அங்கேயே விட்டுவிடுவோம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வெயிலில் விழுவது விதி என்று விட்டுவிடாமல் அதை அரசின் பொறுப்பாக ஏற்ற அறிவிப்பு அது, அதை வரவேற்கிறேன். ஆனால் பேரிடர் என்று ஒத்துக்கொண்ட பிறகும் அதற்கான காவலாக விளம்பரக் கேப்பை நீட்டிக்கொண்டிருப்பதை ஏற்க முடியாது. நிழல், தண்ணீர், வேலை நேரம் மூன்றும்தான் ஆளைக் காக்கும். தொப்பி நான்காவது. அந்த நான்காவதையாவது உருப்படியாகச் செய்யலாம்.

இந்தச் சித்திரைக்குத் தொப்பி வாங்கிக் கொடுக்க நினைக்கும் அமைப்புகளுக்கும், மன்றங்களுக்கும், அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். தையற்காரரிடம் கேட்கும்போது சுற்றிலும் மூன்று அங்குல விளிம்பு கேளுங்கள். பாலியஸ்டர் வேண்டாம், பருத்தி கேளுங்கள். உங்கள் சின்னத்தை நெற்றியில் அச்சடித்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு வழக்கு இல்லை. விளிம்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஓலை பின்னத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அந்தப் பணத்தை அவர்களிடம் கொடுங்கள். கூடவே ஆளுக்கு ஓர் ஈரிழைத் துண்டு. கொடுத்த கையோடு, மதியம் 12 முதல் 3 வரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு வாருங்கள்.